ஒன்றாம் எண் இல்லாத எடைச்சிட்டை

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "மேடம், வரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு எப்படித் தயாராகணும்? பாயிண்ட் பாயிண்டாச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நோட்டை வேறு திறந்து வைத்துக்கொண்டீர்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வருத்தமாக இருந்தது. நீங்கள் கேட்டதில் தப்பில்லை. எனக்குப் பாயிண்டாகச் சொல்ல வராது, அவ்வளவுதான். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பாயிண்ட் வேண்டுமானால் அதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் ஆரம்பம். விருதுநகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஒன்று நர்ஸாகப் போவார்கள், இல்லாவிட்டால் டீச்சராகப் போவார்கள். எனக்கோ ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், பிள்ளைகளைப் பார்த்தால் கோபம் வரும். அதனால் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். தமிழ்க் கணக்கை ஆங்கிலத்தில் பெயர்த்து அடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரில் பேர் இருந்தது. அந்தப் பேரை நானே பாதிக்கு மேல் பரப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடிட்டர் சார் நல்ல மனிதர். ஆனால் எந்நேரமும் கிளம்பும் அவசரத்திலேயே இருப்பார். சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக் கம்பெனி என்று அவருக்கு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். தீபாவளி சீசன் வந்துவிட்டால் அவரை நாற்காலியில் பார்ப்பதே அபூர்வம். அப்படி ஒரு சீசனில்தான், உள்ளூரில் கொத்தமல்லி, மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒரு அண்ணாச்சிக்கு வருமான வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பத்து நாளில் அதிகாரி நேரில் வந்து கடையையும் கணக்கையும் பார்ப்பார், தமிழில் உள்ள புத்தகங்களுக்கு ஆங்கிலச் சுருக்கம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது.

அண்ணாச்சி கூட்டு வியாபாரத்திலிருந்து பிரிந்து, பாங்கில் கடன் வாங்கித் தனிக்கடை போட்டு நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த மாதம் அந்தக் கடனைப் புதுப்பிக்க வேண்டும். வரி ஆபீஸ்காரர்கள் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் போதும், பாங்க் கையை விரித்துவிடும். கடையை மூட வேண்டியதுதான். அவர் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தயாரான விதத்தைக் கேளுங்கள். கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார். சாத்தூர்ச் சேவு ரெண்டு டின் வாங்கி வைத்தார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். என்னிடம், "நர்சம்மா மகளே, ஒங்க கோயில்லயும் ஒரு மெழுகுத்திரி ஏத்தச் சொல்லு தாயி. எந்தச் சாமி முந்துதுன்னு யாரு கண்டா" என்றார். கணக்கைப் பற்றி மட்டும் அவருக்குக் கவலையே இல்லை. கணக்கு சுத்தமாக இருந்தது என்பதுதான் அதற்குக் காரணம்.

அந்தச் சுத்தத்துக்குப் பொறுப்பு செல்லையா. மண்டியில் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், கொண்டுவரும் மூட்டைகளைத் தராசில் நிறுக்கும்போது, தராசடியில் நிற்பவர் எண்ணிக்கையையும் எடையையும் உரக்கச் சொல்வார். செல்லையா அதைக் கேட்டுக் கேட்டு எடைச்சிட்டையில் எழுதுவார். முதல்முதலில் எழுதப்படும் புத்தகம் அதுதான். அதிலிருந்துதான் பில், பில்லிலிருந்துதான் பேரேடு. செல்லையா அஞ்சாம் வகுப்போ என்னவோ படித்தவர். காதில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். தன் காதில் விழாத எதையும் அவர் எழுத மாட்டார், விழுந்த எதையும் விட மாட்டார்.

அந்த எடைச்சிட்டைதான் என்னிடம் வந்தது. ஒரு வருடத்து லோடு அத்தனையும் அதில் இருந்தது. ஒவ்வொரு லோடுக்கும் மேலே சம்சாரியின் பேர், ஊர். அதன் கீழே முதல் வரியில் 'லாபம் 40.50' என்று இருக்கும். அடுத்த வரியில் '2 - 39.75', அதற்கடுத்து '3 - 40.25', இப்படியே போகும். எண் போட்ட வரிகளை மூட்டை என்றும் எடை என்றும் சரியாகப் புரிந்துகொண்டேன். 'லாபம்' என்ற வரியைப் பார்த்ததும் அது ரூபாய் என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது ரூபாய் ஐம்பது காசு.

சிரிக்காதீர்கள். அந்த நாலைந்து வருடங்களில்தான் இப்படி ஒரு தப்பு நடக்க முடியும். அணாவும் பைசாவுமாக எழுதிய காலத்தில் பார்த்தவுடனே இது பணம், இது எடை என்று தெரிந்துவிடும். புதுக்காசும் கிலோவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபிறகு இரண்டுக்கும் நடுவில் ஒரே மாதிரிப் புள்ளி. செல்லையா ரூபாய் என்றும் போடவில்லை, கிலோ என்றும் போடவில்லை. நான் என்ன செய்தேன்? ஆங்கிலச் சுருக்கத்தில் தனியாக ஒரு பத்திக்குக் கோடு கிழித்து, மேலே ஆங்கிலத்தில் 'ப்ராஃபிட்' என்று தலைப்புக் கொடுத்து, அத்தனை 'லாப'த்தையும் வரிசையாக அடித்து, கடைசியில் கூட்டியும் காட்டினேன். ஒரு லோடுக்கு நாற்பது ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்குச் சேர்ந்தால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். பேரேட்டில் இப்படி ஒரு வரவு இல்லையே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கமிஷனோடு சேர்த்து எழுதியிருப்பார்கள் என்று நானாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆடிட்டர் சார் சிவகாசி கிளம்பும் அவசரத்தில் நான் அடித்த பதினான்கு பக்கத்தையும் புரட்டினார். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். தபாலில் போய்விட்டது.

சொன்ன நாளில் ஆடிட்டர் சாரும் நானும் மண்டியில் காத்திருக்க, அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வடக்கே எங்கேயோ தூரத்து மாநிலத்துக்காரர், முப்பது வயதிருக்கும். தமிழ் நாலைந்து வார்த்தைதான் தெரியும். கூட அவருடைய பியூன் ஒருவர். அவர் காரியாபட்டிப் பக்கத்து ஆள், ஆங்கிலம் தெரியாது. ஜீப்பை ஒட்டி வெளியிலேயே நின்றுகொண்டார். அண்ணாச்சி சேவுத் தட்டை நீட்டினார். அதிகாரி கையைக் குவித்துக் கும்பிட்டுவிட்டு ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. நேராக என் பதினான்கு பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தக் கடைசிப் பத்தியில் இருக்கும் லாபம் உங்கள் பேரேட்டில் எங்கே இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆடிட்டர் சார் தாளைப் பார்த்தார். பேரேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா கேக்காக?" என்றார். நான் எடைச்சிட்டையைத் திறந்து, முதல் லோடை அவருக்காக வாய்விட்டுப் படித்தேன். "லாபம், நாப்பதரை. ரெண்டு, முப்பத்தொம்பதே முக்கா. மூணு, நாப்பதே கால்..."

என் குரல் என் காதில் விழுந்த அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டு வாசலில் அரிசிக்காரம்மா படியால் அளந்து போடும்போது எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்! லாபம், ரெண்டு, மூணு. அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் எண்ணுக்கு வாயில் நல்ல வார்த்தை வரட்டும் என்று லாபம் என்பார்கள். நம் பக்கத்தில் யாருக்குத்தான் அது தெரியாது? ஆனால் காதுக்குத் தெரிந்தது, தாளில் பார்த்த என் கண்ணுக்குத் தெரியவில்லை. நாற்பதரை என்பது முதல் மூட்டையின் எடை. அதைப் போய் நான் பணமாக்கி, ஒரு வருடத்துக்குக் கூட்டி, கையெழுத்தும் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

ஆடிட்டர் சாருக்கும் அதே நேரத்தில் புரிந்துவிட்டது. அவர் அதிகாரியிடம் விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒன்று என்ற எண்ணை இந்த ஊரில் லாபம் என்று எழுதுவீர்கள், அப்படித்தானே? நீங்கள் கையெழுத்திட்ட தாளில் அப்படி இல்லையே. நான் கேட்ட பிறகுதான் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா?" என்றார். இந்த ஒரு வருடம் மட்டுமல்ல, கடை தொடங்கிய நாலு வருடத்துக் கணக்கையும் திறக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பயம் வந்தால் நல்ல மனிதர்களும் கைக்கு எட்டுகிற ஆளின்மேல்தான் சாய்வார்கள். ஆடிட்டர் சார் சட்டென்று, "எடை எழுதுபவர் அதிகம் படிக்காதவர். சிட்டையைத் தப்பாக எழுதிவிட்டார்" என்றார்.

"அப்படியானால் அதை அவரே எழுதிக் கொடுக்கட்டும். இந்தப் புத்தகம் சரியல்ல என்று கையெழுத்துப் போடட்டும்" என்றார் அதிகாரி.

ஆடிட்டர் சார் சைகை காட்ட, அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏலே செல்லையா, இங்கன வா." செல்லையா வந்து நின்றார். ஆடிட்டர் சார் அவசர அவசரமாக நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி நீட்டினார். செல்லையா என்ன ஏது என்று கேட்கவில்லை. காதிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். "எங்கன சார் கையெழுத்துப் போடணும்?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். கூட்டு வியாபாரக் காலத்திலிருந்தே இருபது வருடமாக ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியவர், தான் எழுதியது பொய் என்று தனக்குத் தெரியாமலேயே கையெழுத்துப் போடப் போகிறார். போட்டால் அவர் பேர் போயிற்று. அதோடு கடையும் போயிற்று, ஏனென்றால் முதல் புத்தகமே பொய் என்றால் அதன்மேல் கட்டிய பேரேடு எப்படி நிற்கும்? ஆனால் இதையெல்லாம் நான் அப்போது இவ்வளவு கோவையாக யோசித்தேன் என்று சொன்னால் அது புளுகு. அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

"சார், சிட்டை சரி. என் ஆங்கிலம்தான் தப்பு" என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். "அந்தப் பத்தியை நான்தான் சேர்த்தேன். இவர் எழுதியதில் எந்தத் தப்பும் இல்லை."

ஆடிட்டர் சார் முகம் சிவந்துபோயிற்று. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போனால் போகட்டும் என்று கெட்டிக்காரத்தனமாக ஒரு வாதமும் செய்தேன். "சார், எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் புரட்டுங்கள். இந்தப் புத்தகம் முழுவதிலும் ஒன்று என்ற எண்ணே கிடையாது. லாபத்துக்கு அடுத்தது இரண்டுதான்."

அதிகாரி புரட்டினார். பத்துப் பதினைந்து பக்கம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஆமாம், ஒன்று இல்லை. அப்படியென்றால் ஒவ்வொரு லோடிலும் முதல் மூட்டையை எண்ணிக்கையில் சேர்க்காமல் கடைக்காரர் தன் லாபமாக எடுத்துக்கொண்டார் என்றும் அர்த்தம் வருமே" என்றார்.

என் கெட்டிக்காரத்தனம் அண்ணாச்சியை இன்னும் ஆழமான குழியில் தள்ளிவிட்டது. விஷயம் புரிந்ததும் அண்ணாச்சி அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "சம்சாரி மூட்டைய நான் களவாண்டேன்னா சொல்லுதாக?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இனி நாங்கள் எதைச் சொன்னாலும் அது எங்கள் பேச்சாகத்தான் இருக்கும். மண்டி ஆட்களை விட்டுச் சொல்லச் சொன்னால், சம்பளம் கொடுப்பவர் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். அப்போது வாசலில் நின்ற பியூன் கண்ணில் பட்டார். "சார், உங்கள் ஆளைக் கூப்பிட்டு இந்த மூட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். எதற்கு என்று சொல்லாதீர்கள்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு நிச்சயம் இல்லை. அவர் எத்தனை வருடமாகச் சர்க்கார் ஆபீஸில் ஃபைல் தூக்குகிறவரோ! ஒண்ணு என்று தொடங்கிவிட்டால் அதோடு கதை முடிந்தது. அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பியூனை அழைத்து, மல்லி மூட்டை அடுக்கைக் காட்டி, "எண்ணு" என்றார்.

பியூன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முதல் மூட்டைமேல் உள்ளங்கையை வைத்தார். "லாபம்... லாபம்... ரெண்டு... ரெண்டு... மூணு..." ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி அசையவில்லை. அடுக்கு முடிந்ததும், "மறுபடியும்" என்றார். பியூன் மறுபடி லாபத்தில் தொடங்கினார். முடிந்ததும், "மறுபடியும்." மூன்றாவது தடவை. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது, எங்கேயோ ஓட்டை தேடுகிறார் என்று ஆடிட்டர் சார் என் காதில் முணுமுணுத்தார்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் ஊரில் களத்தில் நெல் அளப்பவர் ஒன்று என்று சொல்ல மாட்டார். 'ராமே ராம்' என்பார். அடுத்தது இரண்டு. இதே ராகம்தான். சின்னப் பையனாக இருந்தபோது, ஒன்று எங்கே போயிற்று என்று அப்பாவைக் கேட்டு நச்சரித்திருக்கிறேன்" என்றார். பிறகு என் தாளைத் தட்டிக் காட்டி, "இதில் படித்தபோது எனக்குத் தோன்றவே இல்லை" என்றார்.

அதற்காக அவர் உருகிப்போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் வேலை தெரிந்தவர். தானே ஏழெட்டு லோடைத் தேர்ந்தெடுத்து, பில் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். சிட்டையில் கடைசி எண் இருபத்தேழு என்றால் பில்லிலும் இருபத்தேழு மூட்டை. லாபம் என்று எழுதிய எடையும் மொத்த எடையில் சேர்ந்திருந்தது. சம்சாரிக்குப் பணம் அத்தனை மூட்டைக்கும் போயிருந்தது. ஆக, சாட்சி மண்டி அலமாரிக்குள்ளேயே காலையிலிருந்து இருந்திருக்கிறது. பயந்துபோன எங்கள் யாருக்கும் அலமாரி ஞாபகமே வரவில்லை. சரியான சுருக்கத்தை மறுபடி அடித்து மறுநாள் அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது தட்டிலிருந்து ஒரு துண்டுச் சேவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காரம் தாங்காமல் இருமினார். அண்ணாச்சி தண்ணீர்ச் செம்போடு ஜீப் வரைக்கும் ஓடினார்.

ஆடிட்டர் சார் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது, "பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு மன்னிப்பை நான் எதிர்பார்க்கவும் இல்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பழக்கத்தை ஓய்வு பெறும்வரை நான் விடவில்லை. எந்தக் கணக்கானாலும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு பக்கமாவது, அதை எழுதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டுப் படித்துவிடுவேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் படித்தேன். பைத்தியம் என்று சிலர் நினைத்தார்கள். நினைக்கட்டும்.

மறுநாள் காலையில் புதிதாக அடித்த பதினான்கு பக்கத்தோடு அண்ணாச்சியின் கையெழுத்துக்காக மண்டிக்குப் போனேன். செல்லையா தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். என்னை நிறுத்தி, "ஏம்மா, நேத்து நீட்டுனாகளே, அது என்ன தாளும்மா?" என்று கேட்டார்.

மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன்.

"கடைக்காகன்னா போட்டிருப்பேம்மா" என்றார். "ஆனா அதுக்கப்புறம் இந்தச் சிட்டைய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தொடுறது?"

நான் அவரை உட்காரவைத்துப் புதுத் தாளைப் படித்துக் காட்டினேன். "ஒன்று, நாற்பதரை. இரண்டு, முப்பத்தொன்பதே முக்கால்..." செல்லையா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணுன்னா போட்டிருக்கீக?"

"அதுதானே அர்த்தம்?"

"அர்த்தம் அதாம்மா. நீங்க படிச்சவுக, நான் என்ன சொல்ல. ஆனா சம்சாரி வண்டியிலேர்ந்து மூட்டைய எறக்கிட்டு, மொத மூட்டைக்கு அந்த வார்த்தையக் கேட்டுட்டுத்தான் உக்காருவாக. ஒரு வருசம் வெயில்ல கெடந்து வெளைய வச்சவுகளுக்குச் சொல்லுத வார்த்தை அது. கடைக்குச் சொல்லுதது இல்ல. அவுக லாபத்த அழிச்சுப்புட்டு ஒத்தையா ஒண்ணுன்னு போட்டுட்டீகளே."

அத்தனை வருடம் அந்த வார்த்தையைக் கேட்டவள்தான் நான். அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வியாபாரி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் பதினான்கு பக்கத்தையும் மூன்றாம் முறையாக அடித்தேன். ஒவ்வொரு லோடின் முதல் வரியிலும் 'லாபம்' என்பதை ஆங்கில எழுத்திலேயே அடித்தேன். அடியில் ஒரு குறிப்பு போட்டேன்: முதல் மூட்டை, விளைவித்தவரை வாழ்த்தி எண்ணுவது. ஆடிட்டர் சார் அதை ரெண்டு தடவை படித்துவிட்டு, வரி ஆபீஸுக்கு இப்படியெல்லாமா எழுதுவது என்று தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு சில வாரத்தில் வந்தது. கூடுதல் வரி எதுவும் இல்லை. பாங்கும் கடனைப் புதுப்பித்தது. அதிகாரி தன் உத்தரவில் என் குறிப்பை ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்து எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்ச் செல்லையாவுக்குப் படித்துத் தமிழில் சொன்னேன். எழும்பூர் ரயிலேறி மெட்ராஸுக்குக்கூடப் போயிராத மனிதர், அந்தத் தாளை வாங்கிப் புரியாத ஆங்கிலத்தின்மேல் விரலை ஓட்டினார். பிறகு வண்டியிலிருந்து வத்தல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு சம்சாரியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"அய்யா, இங்கன வாங்க. சர்க்காரு ஒங்களுக்கு லாபம்னு எழுதிக் குடுத்திருக்கு!"